ஏசி கம்ப்ரஸரின் ஸ்டார்ட் ரிலே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசியைப் போட்டதும் அவுட்டோர் யூனிட்டிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். சில வினாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் கைகாட்டுவது, கம்ப்ரஸரை (கேஸை அழுத்தும் மோட்டார் பாகம்) கிளப்ப உதவும் தானியங்கி ஸ்விட்சான ஸ்டார்ட் ரிலேயைத்தான். ஆனால் அது உள்ளே என்ன செய்கிறது என்று கேட்டால், "கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ணும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். உண்மையில் அதன் முக்கியமான வேலை, ஸ்டார்ட் ஆனதும் விலகிக்கொள்வது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கம்ப்ரஸர் கிளம்புவதற்குத் தனியாக ஒரு ரிலே எதற்கு?

வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். அதை மோட்டாரின் ஒரே ஒரு வைண்டிங்கில், அதாவது கம்பிச் சுருளில், கொடுத்தால் உண்டாகும் காந்தப் புலம் ஒரே கோட்டில் கூடும், குறையும், திசை மாறும், ஆனால் சுழலாது. நின்றுகொண்டிருக்கும் ரோட்டருக்கு, அதாவது மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு, எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல ஆளில்லை. அது அதிர்ந்துகொண்டு அங்கேயே நிற்கும். அந்த முனகல் சத்தம் இதுதான்.

இதைத் தீர்க்கத்தான் மோட்டாருக்குள் இரண்டாவதாக ஒரு வைண்டிங் வைக்கிறார்கள். ஒன்று ரன் வைண்டிங், தடித்த கம்பி. இன்னொன்று ஸ்டார்ட் வைண்டிங், மெல்லிய கம்பி, ரெசிஸ்டன்ஸ் கூடுதல். ஸ்டார்ட் வைண்டிங்கோடு தொடராக, மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்தால் அதில் ஓடும் கரண்ட் ரன் வைண்டிங்கின் கரண்டைவிட முந்திக்கொள்கிறது. இரண்டு புலங்களும் வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொடுவதால், மொத்தப் புலம் சுழல ஆரம்பிக்கிறது. ரோட்டர் அதைத் தொடர்ந்து ஓடுகிறது.

கிளம்பும்போது நல்ல முறுக்கு விசை வேண்டுமென்றால் பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். 80, 100, 200 மைக்ரோஃபாரட் என்ற அளவில். ஆனால் மோட்டார் வேகம் பிடித்த பிறகும் அவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் சுற்றில் இருந்தால், மெல்லிய ஸ்டார்ட் வைண்டிங் சூடாகிக் கருகும், கெப்பாசிட்டரும் தாங்காது. நின்றுபோன வண்டியைத் தள்ளிவிடுகிறவர், எஞ்சின் பிடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும் அல்லவா, அதேதான். அந்தக் கையை எடுக்கும் வேலை ரிலேயுடையது. எல்லாம் சேர்த்து அரை வினாடிக்குள் நடந்து முடிகிற காரியம் இது.

எல்லா ஏசியிலும் ஸ்டார்ட் ரிலே இருக்குமா?

இருக்காது. வீட்டில் மாட்டும் பழைய வகை, அதாவது இன்வர்ட்டர் அல்லாத, விண்டோ ஏசியிலும் ஸ்பிளிட் ஏசியிலும் பெரும்பாலும் ரன் கெப்பாசிட்டர் மட்டும்தான் இருக்கும். கிளம்பும்போதும் ஓடும்போதும் அதே கெப்பாசிட்டர் சுற்றில் நிரந்தரமாக இருக்கும். ரிலேயும் இல்லை, ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் இல்லை. பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு. ஆனால் கிளம்பும் விசையும் குறைவு. அதனால்தான் இந்த வகை ஏசிகள் ஒன்றை நம்பியிருக்கின்றன: கம்ப்ரஸர் நின்ற பிறகு கேஸின் ஹை சைடு அழுத்தமும் லோ சைடு அழுத்தமும் கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் வழியாக மெல்லச் சமமாகிவிட வேண்டும். சமமானால் கம்ப்ரஸருக்குச் சுமை இல்லை, சின்ன உந்துதலே போதும்.

கேப்பிலரிக்குப் பதிலாக, கேஸ் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு இருந்து, அது நின்றதும் இறுக்கமாக மூடிக்கொள்ளும் வகையாக இருந்தால் அழுத்தம் சமமாகாது. குழாய் மிக நீளமாக இருந்தாலும், வோல்டேஜ் அடிக்கடி குறையும் இடமானாலும் கிளம்புவது கஷ்டம். அங்கேதான் ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் ரிலேயும் தேவைப்படுகின்றன. தயாரிப்பிலேயே வைத்திருப்பார்கள், அல்லது பிறகு 'ஹார்ட் ஸ்டார்ட் கிட்' என்ற பெயரில் சேர்ப்பார்கள்.

ஆகவே "ரிலே போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், உங்கள் யூனிட்டில் ரிலே இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏசியில் வரும் பொட்டென்ஷியல் ரிலே எப்படி வேலை செய்கிறது?

ஏசி கம்ப்ரஸர்களுக்கு உரிய ரிலே இதுதான். வோல்டேஜைப் பார்த்து முடிவெடுப்பதால் வோல்டேஜ் ரிலே என்றும் சொல்வார்கள். உள்ளே இரண்டே சமாச்சாரம்: மெல்லிய கம்பியில் நிறையச் சுற்று சுற்றிய ஒரு காயில், சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் ஒரு ஜோடி கான்டாக்ட்.

காயில், கம்ப்ரஸரின் ஸ்டார்ட் வைண்டிங்குக்குக் குறுக்கே இணைந்திருக்கும். கான்டாக்ட், ஸ்டார்ட் கெப்பாசிட்டரோடு தொடரில் இருக்கும். மின்சாரம் வந்த கணத்தில் கான்டாக்ட் ஏற்கெனவே மூடியிருப்பதால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் உடனே வேலையில் இறங்குகிறது. ரோட்டர் நகரத் தொடங்குகிறது.

இனிதான் அழகான பகுதி. ரோட்டர் வேகம் எடுக்க எடுக்க, அது ஸ்டார்ட் வைண்டிங்கில் ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. கெப்பாசிட்டரும் சேர்ந்துகொள்வதால், அந்த வைண்டிங்கின் குறுக்கே உள்ள வோல்டேஜ் லைன் வோல்டேஜையே தாண்டிவிடும். 230 வோல்ட் சப்ளையில் ஓடும் கம்ப்ரஸரில் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது சாதாரணம். மீட்டர் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். மோட்டார் முழு வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது, அந்த வோல்டேஜ், காயில் காந்தமாகி கான்டாக்டை இழுக்கப் போதுமான அளவை எட்டுகிறது. காயில் இழுக்க, கான்டாக்ட் திறக்க, ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வெளியேறுகிறது.

ஸ்டார்ட் வைண்டிங் மட்டும் வெளியேறுவதில்லை. அது ரன் கெப்பாசிட்டர் வழியாகக் குறைந்த கரண்டில் தொடர்ந்து வேலை செய்கிறது. எனவே அதன் குறுக்கே வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். காயிலும் இழுத்த நிலையிலேயே இருக்கும். ஏசி நின்றதும் வோல்டேஜ் விழுந்து, கான்டாக்ட் மறுபடி மூடிக்கொண்டு, அடுத்த முறைக்குத் தயாராகிவிடும்.

இதில் டைமர் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மோட்டார் உண்மையிலேயே வேகம் பிடித்ததா என்று மோட்டாரிடமே கேட்டுவிட்டுத்தான் இந்த ரிலே விலகுகிறது. மற்ற வகைகளைவிட இதை நான் உயர்வாக நினைப்பது இதற்காகவே.

ரிலேயின் மேல் இருக்கும் 5, 2, 1 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

5க்கும் 2க்கும் நடுவே காயில். 2க்கும் 1க்கும் நடுவே கான்டாக்ட். 5 கம்ப்ரஸரின் காமன் டெர்மினலுக்கு (இரண்டு வைண்டிங்கும் சேரும் பொது முனை) போகும், 2 ஸ்டார்ட் டெர்மினலுக்குப் போகும், 1 ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் ஒரு முனைக்குப் போகும். கெப்பாசிட்டரின் மறுமுனை ரன் டெர்மினல் வரும் லைனோடு சேரும். 4, 6 என்றும் டெர்மினல்கள் இருக்கலாம். அவற்றுக்கு உள்ளே எந்த இணைப்பும் கிடையாது, வயர்களைச் சேர்த்துக் கட்ட வசதிக்காக வைத்தவை.

5ஐயும் 1ஐயும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: காயில் இருக்க வேண்டிய இடத்தில் கான்டாக்டும், கான்டாக்ட் இருக்க வேண்டிய இடத்தில் காயிலும் வந்துவிடும். பழைய ரிலேயைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்ல பழக்கம்.

கரண்ட் ரிலே, பிடிசி ரிலே என்கிறார்களே, அவை வேறா?

வேறு. கரண்ட் ரிலே பெரும்பாலும் ஃப்ரிட்ஜ், வாட்டர் கூலர் போன்ற சின்ன கம்ப்ரஸர்களில் வரும். அதன் காயில் தடித்த கம்பியில் சில சுற்று மட்டுமே. ரன் வைண்டிங்கோடு தொடரில் இருக்கும். கான்டாக்ட் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும். கிளம்பும் கணத்தில் ரன் வைண்டிங் இழுக்கும் அதிகக் கரண்டால் காயில் காந்தமாகி, உள்ளே இருக்கும் துண்டை மேலே தூக்க, கான்டாக்ட் மூடும். வேகம் வந்ததும் கரண்ட் குறைய, அந்தத் துண்டு தன் எடையால் கீழே விழுந்து கான்டாக்ட் திறக்கும். புவியீர்ப்பை நம்பி வேலை செய்வதால் இதை நேராக மட்டுமே பொருத்த வேண்டும். தலைகீழாகவோ சாய்வாகவோ மாட்டினால் ஒன்று ஒட்டியபடியே இருக்கும், அல்லது தூக்கவே தூக்காது.

பிடிசி என்பதில் அசையும் பாகமே இல்லை. அது ஒரு பீங்கான் வில்லை. குளிர்ந்திருக்கும்போது சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை ரெசிஸ்டன்ஸ். கரண்ட் பாய்ந்ததும் ஒரு வினாடிக்குள் சூடேறி, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் ரெசிஸ்டன்ஸ் பல ஆயிரம் ஓமுக்கு எகிறிவிடும். கரண்ட் கிட்டத்தட்ட நின்றுவிடும். பெயருக்கு ரிலே, உண்மையில் அது சூட்டால் மாறும் ரெசிஸ்டர்தான். ஓடும் நேரம் முழுக்க அது சூடாகவே இருக்க வேண்டும், அதற்காகச் சில வாட் மின்சாரம் எப்போதும் செலவாகும். தொட்டால் சுடும், அது பழுதல்ல.

இவை போக, எலக்ட்ரானிக் ரிலேகளும் உண்டு. சில வோல்டேஜைப் பார்க்கும், சில வெறுமனே நேரத்தை எண்ணும். நேரத்தை மட்டும் எண்ணுபவை மோட்டார் கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் அதே கணத்தில் விலகிவிடும்.

கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரஸர் ஏன் கிளம்ப மறுக்கிறது?

இரண்டு காரணம். முதலாவது, கேஸ் அழுத்தம் இன்னும் சமமாகியிருக்காது. கம்ப்ரஸர் முழுச் சுமையோடு கிளம்ப வேண்டியிருக்கும். இரண்டாவது, பிடிசி இருந்தால் அது இன்னும் சூடாகவே இருக்கும். சூடான பிடிசி திறந்த ஸ்விட்ச் மாதிரி, ஸ்டார்ட் கெப்பாசிட்டரை உள்ளே விடாது. ஆறுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் ரோட்டர் நின்ற இடத்திலேயே நிற்க, கரண்ட் எகிற, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டும் ஓவர்லோடு ட்ரிப் ஆகும்.

பொட்டென்ஷியல் ரிலேக்கு இந்த ஆறும் நேரம் தேவையில்லை. ஆனாலும் அழுத்தப் பிரச்சினை அதற்கும் பொதுதான். ஏசி போர்டில் வைத்திருக்கும் 3 நிமிடத் தாமதம் இந்த இரண்டையும் உத்தேசித்து வைத்ததே. அந்தத் தாமதத்தை மீறி பிரேக்கரைப் போட்டு அணைத்து அவசரப்படுத்துவது கம்ப்ரஸருக்குச் செய்யும் கெடுதல்.

சிங்கிள் ஃபேஸ் ஸ்க்ரோல் கம்ப்ரஸராக (சுருள் வடிவத் தகடுகளால் கேஸை அழுத்தும் வகை) இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் கண நேரம் போகும்போது, அழுத்தத்தில் இருக்கும் கேஸ் ஸ்க்ரோலைப் பின்னோக்கிச் சுழற்றும். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பி வந்தால் மோட்டார் அதே திசையில், அதாவது தலைகீழாக, ஓட ஆரம்பித்துவிடலாம். சத்தம் கரகரப்பாக இருக்கும், குளிர்ச்சி இருக்காது. அணைத்துவிட்டு சில நிமிடம் கழித்துப் போட்டால் சரியாகிவிடும்.

ரிலே கெட்டுப்போனால் என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்தது.

கான்டாக்ட் கருகி இணைப்பு விட்டுப்போனால், ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சுற்றுக்குள் வரவே வராது. கம்ப்ரஸர் முனகும், ஓவர்லோடு 'டிக்' என்று வெட்டும், ஆறியதும் மறுபடி முயலும். ஓவர்லோடு கம்ப்ரஸருக்கு உள்ளேயே இருக்கும் வகையானால் ஆறுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை மீட்டரில் காமன் டெர்மினல் அறுந்த மாதிரி காட்டும். இதைப் பார்த்து கம்ப்ரஸரே போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கம்ப்ரஸரின் மேல்பகுதி கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் பொறுத்திருந்து, ஆறவிட்டு அளந்து பாருங்கள். நல்ல கம்ப்ரஸர் எத்தனையோ இந்த அவசரத்தில் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன.

கான்டாக்ட் ஒட்டிக்கொண்டாலோ காயில் அறுந்துபோனாலோ கதை வேறு. கம்ப்ரஸர் நன்றாகக் கிளம்பும். ஆனால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வெளியேறாது. ஓடும்போது உறுமல் சத்தம் கூடுதலாக இருக்கும், ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறும், சிறிது நேரத்தில் கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கும். மோசமான பழுது இதுதான். முன்னதில் ஏசி ஓடாது, அவ்வளவே. இதில் வைண்டிங் கருக வழி இருக்கிறது.

மூன்றாவதாக, கான்டாக்ட் படபடவென்று அடித்துக்கொள்வது. பெரும்பாலும் இது பொருந்தாத ரிலேயின் அடையாளம்.

ஸ்டார்ட் கெப்பாசிட்டர் மாற்றி மாற்றி வெடிக்கிறது. என்ன காரணம்?

கெப்பாசிட்டரைக் குறை சொல்லும் முன் ரிலேயைப் பாருங்கள். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் தொடர்ந்து சுற்றில் இருப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. பொதுவான அளவுகோல், ஒரு மணி நேரத்தில் 20 முறை, முறைக்கு 3 வினாடி. ரிலே விலகாமல் ஒரு நிமிடம் நின்றுவிட்டால் இந்தக் கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடுகிறது. உள்ளே சூடேறி, மேல்மூடியில் இருக்கும் சின்ன அடைப்பான் பிதுங்கி, எண்ணெய்ப் பசை மாதிரி ஒன்று வழிந்திருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 15,000 முதல் 20,000 ஓம் அளவில், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறதா என்று. பார்க்க அற்பமாக இருக்கும். மாற்றும்போது பலர் பழையதோடு தூக்கி எறிந்துவிடுவார்கள். ரிலே திறக்கும் கணத்தில் ஸ்டார்ட் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கிவிடும். ஏசி நிற்கும்போது கான்டாக்ட் மறுபடி மூடும் அல்லவா, அப்போது அந்தச் சார்ஜ் முழுதும் கான்டாக்ட் வழியாகப் பாய்ந்து பொறி பறக்கும். நாளடைவில் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தச் சார்ஜை மெல்ல வடித்துவிடுவதுதான் ரெசிஸ்டரின் வேலை. ஆக, ரெசிஸ்டர் போனால் ரிலே போகும், ரிலே போனால் கெப்பாசிட்டர் போகும். மூன்றையும் ஒரு குடும்பமாகப் பார்த்துச் சேர்த்து மாற்றுவதே நல்லது.

தெர்மோஸ்டாட் கோளாறாலோ கேஸ் குறைவாலோ ஏசி நிமிடத்துக்கு நிமிடம் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தாலும் இதே கதிதான்.

மீட்டர் வைத்து ரிலேயைச் சோதிப்பது எப்படி?

மின்சாரத்தை முழுதாகத் துண்டித்த பிறகு, முதல் வேலை கெப்பாசிட்டர்களைக் காலி செய்வது. 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, காப்பிட்ட பிடி உள்ள வயர்களோடு, முனைகளுக்குக் குறுக்கே பத்து வினாடி வைத்தால் போதும். பிறகு மீட்டரில் வோல்ட் பார்த்து, பூஜ்யம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் 'டப்' என்று தட்டிக் காலி செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து.

வயர்களைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். பொட்டென்ஷியல் ரிலேயில் 2க்கும் 1க்கும் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். சில ஓம் காட்டினாலே கான்டாக்ட் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 5க்கும் 2க்கும் சில ஆயிரம் ஓமிலிருந்து பத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேலும் வரலாம், மாடலைப் பொறுத்தது. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பிடிசியானால் நன்றாக ஆறிய பிறகே அளக்க வேண்டும். குலுக்கிப் பார்த்து உள்ளே சில்லுச் சில்லாகச் சத்தம் கேட்டால் மீட்டரே தேவையில்லை, வில்லை உடைந்துவிட்டது.

ஆனால் ஓம் அளவு எல்லாவற்றையும் சொல்லாது. நின்றிருக்கும்போது மூடியிருக்கும் கான்டாக்ட், ஒட்டிப்போன கான்டாக்ட் இரண்டும் மீட்டருக்கு ஒன்றுதான். அதனால் பயிற்சி உள்ளவர்கள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ரிலேயின் 1இலிருந்து ஸ்டார்ட் கெப்பாசிட்டருக்குப் போகும் ஒற்றை வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, உச்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, ஏசியைக் கிளப்புங்கள். கண நேரம் ஒரு அளவு வந்துவிட்டு, பிறகு பூஜ்யம் ஆக வேண்டும். எதுவுமே வரவில்லையென்றால் கான்டாக்டிலோ கெப்பாசிட்டரிலோ இணைப்பு இல்லை. வந்த அளவு அப்படியே நின்றால் ரிலே விலகவில்லை, உடனே அணைத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை.

கம்ப்ரஸரின் காமன், ஸ்டார்ட், ரன் டெர்மினல்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 1.5, 3.5, 5 ஓம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிக அளவான 5 வந்த ஜோடி ஸ்டார்ட்டும் ரன்னும். அந்த ஜோடியில் சேராத மூன்றாவது முனை காமன். காமனிலிருந்து குறைந்த அளவு, அதாவது 1.5 காட்டுவது ரன், 3.5 காட்டுவது ஸ்டார்ட். சின்ன அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும். வராவிட்டால் வைண்டிங்கைச் சந்தேகியுங்கள். ஏதாவது ஒரு முனைக்கும் கம்ப்ரஸரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் ரிலே பேச்சே வேண்டாம், வைண்டிங் உடலில் தொட்டுவிட்டது.

கையில் கிடைத்த ரிலேயை மாட்டலாமா?

கூடாது. வெளியே எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான், உள்ளே மூன்று எண்கள் வேறு. எந்த வோல்டேஜில் இழுக்கும், எந்த வோல்டேஜுக்குக் கீழே விடும், காயில் தொடர்ந்து எவ்வளவு தாங்கும். உதாரணமாக ஒரு ரிலே 260 முதல் 280க்குள் இழுத்து, 60 முதல் 121க்குள் விட்டு, 395 வரை தாங்கலாம். உங்கள் கம்ப்ரஸரின் ஸ்டார்ட் வைண்டிங் 250 வோல்ட்டுக்கு மேல் தராது என்றால் அந்த ரிலே விலகவே விலகாது. கம்ப்ரஸர் 420 தருகிறது என்றால் காயில் கருகும். இழுக்கும் அளவு மிகக் குறைவாக இருந்தால் மோட்டார் பாதி வேகத்தில் இருக்கும்போதே விலகிவிடும். பிறகு வோல்டேஜ் விழும், மறுபடி மூடும், திரும்ப விலகும். மேலே சொன்ன படபடப்பு இதிலிருந்து வருவது.

எனவே கம்ப்ரஸர் தயாரிப்பாளர் அந்த மாடலுக்குச் சொன்ன எண்ணுள்ள ரிலேயையே போடுங்கள். ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவும் அப்படியே. 'கொஞ்சம் பெரிசா போட்டா நல்லா கிளம்பும்' என்பது உண்மையல்ல. அளவு மீறினால் கரண்ட் ஏறுமே தவிர விசை குறையவும் செய்யலாம்.

பொருத்தும் திசையும் முக்கியம். மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இருந்தால் அதன்படி. ரிலேயைச் சாய்த்து மாட்டினால் அது இழுக்கும் வோல்டேஜ் மாறிவிடும்.

ஹார்ட் ஸ்டார்ட் கிட் போட்டால் நல்லதா?

தேவை இருந்தால் நல்லது. வோல்டேஜ் குறைவான இடம், இறுக்கமாக மூடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, நீளமான குழாய், இவற்றுக்கு அது சரியான மருந்து. வோல்டேஜ் விஷயத்தைக் கணக்காகவே சொல்லலாம்: கிளம்பும் விசை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 207 வந்தால் விசை 81 சதவீதம். 180 வந்தால் 61 சதவீதம்தான். அந்த நிலையில் கிளம்பவில்லை என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பேரிங் தேய்ந்து இறுகிப்போன கம்ப்ரஸருக்கு கிட் போட்டு ஓட்டுவது நாளைத் தள்ளிப்போடும் வேலை. சில சமயம் புதிது வாங்கும்வரை அந்த அவகாசம் உதவும், அதை மறுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று மட்டும் நம்ப வேண்டாம். கிட் போடும் முன் ரன் கெப்பாசிட்டரை அளந்தாரா என்று மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள். 40 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 28 காட்டுகிறது என்றால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

இரண்டு வயர் கிட்டுகள் ரன் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே இணையும். கெப்பாசிட்டர் ஃபேனுக்கும் சேர்த்த இரட்டை வகையாக இருந்தால் 'சி', 'ஹெர்ம்' என்று குறித்த முனைகளில் போட வேண்டும்; 'ஃபேன்' முனையில் அல்ல. மூன்று வயர் கிட் என்றால் உள்ளே பொட்டென்ஷியல் ரிலே இருக்கிறது என்று பொருள். இரண்டில் எது என்றால் நான் மூன்று வயரைத்தான் சொல்வேன்.

ஏசி கிளம்பும்போது லைட் மங்குகிறது. கிட் போட்டால் நிற்குமா?

மங்கும் நேரம் குறையலாம், மங்குவது முழுதாக நிற்காது. ரோட்டர் நின்றிருக்கும் கணத்தில் மோட்டார் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கும். கிட் அந்தக் கணத்தைச் சுருக்குகிறது, உயரத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதைக் குறைக்க சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற வேறு கருவி இருக்கிறது.

இன்வர்ட்டர் ஏசியில் ஸ்டார்ட் ரிலே எங்கே இருக்கும்?

இல்லை. இன்வர்ட்டர் கம்ப்ரஸரின் மோட்டார் மூன்று ஃபேஸில் ஓடுவது. போர்டே வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் தாழ்வாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போகும். ஸ்டார்ட் வைண்டிங், ஸ்டார்ட் கெப்பாசிட்டர், ரன் கெப்பாசிட்டர் எதுவும் கம்ப்ரஸருக்குக் கிடையாது. ஆனால் அவுட்டோர் போர்டில் ஒரு ரிலேயும் பக்கத்தில் ஒரு பிடிசியும் இருப்பதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அவை போர்டிலுள்ள பெரிய டிசி கெப்பாசிட்டர்களை மெதுவாகச் சார்ஜ் செய்வதற்காக. சார்ஜ் ஆனதும் ரிலே மூடி பிடிசியை ஓரங்கட்டிவிடும். இன்வர்ட்டர் ஏசிக்கு ஹார்ட் ஸ்டார்ட் கிட் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள்.

மூன்று ஃபேஸ் கம்ப்ரஸருக்கு?

தேவையில்லை. மூன்று ஃபேஸிலேயே சுழலும் புலம் இருக்கிறது.

கான்டாக்டரும் ஸ்டார்ட் ரிலேயும் ஒன்றா?

இல்லை. கான்டாக்டர், அல்லது போர்டில் இருக்கும் பவர் ரிலே, கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைக் கொடுப்பதும் நிறுத்துவதும். ஏசி ஓடும் நேரம் முழுக்க அது மூடியிருக்கும். ஸ்டார்ட் ரிலேயின் கான்டாக்ட் அந்த அரை வினாடி மட்டும் வேலை செய்யும். ஃபேன் ஓடி, கம்ப்ரஸர் பக்கமிருந்து முனகல்கூட இல்லையென்றால் கான்டாக்டர் பக்கம் பாருங்கள். முனகல் இருந்தால் மின்சாரம் வந்துவிட்டது. கெப்பாசிட்டர், ரிலே, கம்ப்ரஸர் என்று வரிசையாகப் பாருங்கள்.

இதை நானே மாற்றலாமா?

மின்வேலை தெரியாதவர் என்றால் வேண்டாம். கெப்பாசிட்டர் சார்ஜ் ஒரு ஆபத்து. அதைவிடப் பெரியது கம்ப்ரஸரின் டெர்மினல்கள். அந்த மூன்று முனைகளும் கண்ணாடிப் பூச்சால் உலோகத்தில் பதிக்கப்பட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவை. வைண்டிங் உடலில் தொட்ட கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுத்தால் அந்த முனை பிய்த்துக்கொண்டு தெறிக்கலாம், சூடான எண்ணெயும் கேஸும் பீறிடலாம், தீப்பற்றவும் கூடும். எனவே டெர்மினல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. உடலோடு தொடர்பு இருக்கிறதா என்று அளந்த பிறகே பிரேக்கரைப் போட வேண்டும்.

கேஸ் எது என்றும் பாருங்கள். ஆர்-32 மெதுவாக எரியக்கூடியது, ஆர்-290 என்பது புரொபேன், நன்றாகவே எரியும். கான்டாக்ட் திறந்து மூடும் ரிலேயில் சின்னப் பொறி இருக்கத்தான் செய்யும். அதனால் இந்த யூனிட்களில் அசல் பாகத்துக்குப் பதில் பொதுவான ரிலே எதையும் போடக் கூடாது. பெயர்ப்பலகையில் கேஸின் பெயரும், பக்கத்திலேயே தீச்சுடர் படமும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பாகம் வாங்கும்போது கம்ப்ரஸரின் மாடல் எண்ணோடு கேஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.